உதவியும் வரவேண்டும், ஊரும் அடங்கவேண்டும்: புதிய பிரதமருக்கு ஒரு கையேடு

ஐயா, பதவியேற்றதற்கு வாழ்த்துகள். இந்நேரம் உங்கள் மேசைக்கு இரண்டு கோப்புகள் வந்திருக்கும். நிதித்துறைச் செயலாளர் வைத்தது ஒன்று: இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எந்தத் தவணை எந்த மாதம் என்ற விவரம். உளவுத்துறைத் தலைவர் வைத்தது இன்னொன்று: யார் யாரை உள்ளே தள்ளினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற விவரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும். இரண்டாவதில் கைவைத்தால் முதலாவது நின்றுபோகுமே!

நிற்காது. அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வது ஒரு கலை. அதைக் கற்க எத்தியோப்பியாவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அங்கே மெலஸ் ஜெனாவி 1991 முதல் 2012இல் சாகும்வரை ஆண்டார். அவர் காலத்தில் உதவியும் ஏறியது, எதிர்க்கட்சியும் காணாமல் போனது. கென்யா, மலாவி, இந்தோனேசியா எல்லாம் நடுநடுவே வரும். ஆனால் பாடப்புத்தகம் எத்தியோப்பியாதான்.

சட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம்

அமெரிக்காவில் 1975இல் டாம் ஹார்க்கின் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மனித உரிமைகளைத் தொடர்ந்து கடுமையாக மீறும் அரசுக்கு வளர்ச்சி உதவி கிடையாது என்பது அதன் சாரம். படித்ததும் பகீரென்றிருக்கும். அவசரப்படாமல் அந்த வாக்கியத்தைக் கடைசிவரை படியுங்கள். அந்த உதவி ஏழைகளுக்கு நேரடியாகப் பயன்படும் என்றால் கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் நாட்டில் ஏழைகளுக்கா பஞ்சம்? எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள். நீங்கள் பின்னால் நின்றுகொள்ளலாம்.

உலக வங்கி இன்னும் வசதி. அரசியல் விவகாரங்களில் தலையிடக்கூடாது, பொருளாதாரக் காரணங்களை மட்டுமே பார்க்கவேண்டும் என்று அதன் சாசனமே சொல்கிறது: நான்காவது பிரிவு, பத்தாவது உட்பிரிவு. மனப்பாடம் செய்துவையுங்கள். உங்கள் சிறையில் யார் இருக்கிறார் என்று கேட்பது அரசியல். அந்தச் சிறைக்குப் போகும் சாலைக்குத் தார் போடுவது பொருளாதாரம். தீவிர வறுமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன் 2015இல் உலக வங்கியை மனித உரிமையே எட்டிப்பார்க்காத மண்டலம் என்று கடிந்துகொண்டார். அவர் அதைக் குறையாகச் சொன்னார். நீங்கள் விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இதே வங்கி 2014இல் உகாண்டாவுக்குத் தரவிருந்த 9 கோடி டாலர் சுகாதாரக் கடனைத் தள்ளிவைத்தது. ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிராக அதிபர் முசேவேனி கையெழுத்திட்ட சட்டம்தான் காரணம். வங்கியின் மனசாட்சி எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எதைக் கண்டு விழித்தது என்று பார்க்கலாம். யாரைக் குறிவைக்கிறது என்பது பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்த சட்டம் அது. அந்த மாதிரி சட்டம் போடாதீர்கள். "பதிவு மற்றும் ஒழுங்குமுறை" என்று தலைப்பு வையுங்கள். அதைப் படிக்க உட்கார்ந்த நிருபருக்கு மூன்றாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. உங்களுக்கு வாங்கியாகவேண்டும் என்பதைப்போலவே அவர்களுக்குக் கொடுத்தாகவேண்டும். பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுத்தே தீரவேண்டும் என்று 2015இல் சட்டமே இயற்றியது. அவர்களுக்கும் நிதியாண்டு மார்ச்சில்தான் முடிகிறது. மார்ச் மாத அரசு அலுவலகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதுக்கிய தொகையைச் செலவழிக்காத அதிகாரிக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். அந்த நேரத்தில், ஓரளவு ஒழுங்காகக் கணக்கெழுதத் தெரிந்த ஏழை நாடு ஒன்று கண்ணில் பட்டால் அவர் கைவிடுவாரா?

பழைய பாணி வேண்டாம்

மெலஸுக்கு முன்னால் ஆண்டவர் மெங்கிஸ்து ஹைலே மரியம். முரட்டு ஆள். 1984 செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அடிஸ் அபாபாவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அதே வாரங்களில் வடக்கே வொல்லோவிலும் திக்ராயிலும் மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் பி.பி.சி. படம் வெளியானது. உலகமே பாட்டுப் பாடிப் பணம் திரட்டியது. வந்த தானியத்தையும் லாரிகளையும் வைத்து, வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தென்மேற்குக்கு இடம்மாற்றினார் மெங்கிஸ்து. பலரைப் பிடித்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலும் போன இடத்திலும் இறந்தார்கள். இதை வெளியில் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் குழுவான 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' 1985 டிசம்பரில் வெளியேற்றப்பட்டது.

மற்ற அமைப்புகள் என்ன செய்தன? பெரும்பாலானவை அங்கேயே இருந்து கஞ்சி ஊற்றின. அவர்களைக் குறைசொல்லி நான் எழுதமாட்டேன். பசித்த குழந்தையை விட்டுவிட்டுப் போ என்று யாரிடம் சொல்ல முடியும்? நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இவ்வளவு முரட்டுத்தனமாக நடந்தும் ஒரே ஓர் அமைப்புதான் போனது. கொஞ்சம் நயமும் சேர்ந்தால் என்னவாகும்?

மேடையில் ஏறுங்கள்

நயம் மெலஸிடம் இருந்தது. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போராடப் போனவர், பிரதமரான பிறகு பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால்வழியே எம்.பி.ஏ. முடித்தார். பிறகு ரோட்டர்டாமில் பொருளாதாரப் பட்டம். கடன் கொடுக்க வந்தவர்களுக்கு அவர்கள் பாடத்தையே திருப்பிச் சொல்லிக்கொடுப்பார். பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் 2004இல் ஆப்பிரிக்கா ஆணையம் அமைத்தபோது மெலஸையும் உறுப்பினராக உட்காரவைத்தார். நல்லாட்சி பற்றி நிறையப் பேசிய அந்த ஆணையத்தின் அறிக்கை 2005 மார்ச்சில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து எத்தியோப்பியாவில் தேர்தல். முடிவில் மோசடி என்று ஜூனில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு. நவம்பரில் மறுபடியும். இரண்டுக்கும் நடுவில், ஜூலையில், ஆப்பிரிக்காவுக்கான உதவியை இரட்டிப்பாக்குவோம் என்று ஸ்காட்லாந்தில் ஜி-8 நாடுகள் அறிவித்தன. கொல்லப்பட்ட பொதுமக்கள் 193 பேர், போலீசார் 6 பேர் என்று அரசே அமைத்த விசாரணை ஆணையம் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கை வெளியே சொல்ல, ஆணையத்தைச் சேர்ந்தவர்களே நாட்டைவிட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் உங்களைப்போன்ற புதியவர்கள் நடுங்கிப்போவார்கள். நன்கொடை நாடுகள் கோபப்பட்டன, உண்மைதான். மத்திய அரசின் கஜானாவுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த பட்ஜெட் உதவியை நிறுத்தின. பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2006 மே மாதம் உலக வங்கி 'அடிப்படைச் சேவைகள் பாதுகாப்பு' என்ற புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இனிமேல் பணம் பிரதமர் கைக்குப் போகாது. மாநிலங்களுக்கும் அங்கிருந்து 'வொரேடா' என்ற வட்டார நிர்வாகங்களுக்கும் போகும். ஆசிரியர், செவிலியர், வேளாண் பணியாளர் சம்பளமாக மாறும். ஏழைகளைத் தண்டிக்காமல் ஆட்சியாளரைத் தண்டித்தாயிற்று என்று எல்லோருக்கும் திருப்தி.

அந்த வொரேடா நிர்வாகம் யார் கையில் இருந்தது? ஆளும் கட்சியின் கையில். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2008இல் நடந்தபோது கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் அதுவே அள்ளியது. முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்த பணம் கொல்லைப்புறமாக வர ஆரம்பித்தது. வீடு அதேதான். 2004க்கும் 2008க்கும் இடையே எத்தியோப்பியாவுக்கான உதவி ஏறக்குறைய இரண்டு மடங்காகி 330 கோடி டாலரை எட்டியது. சுட்ட பிறகு எவ்வளவு குறையும் என்று கவலைப்படுகிறவர்கள் இந்த எண்ணைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம்.

பட்டியல்தான் ஆயுதம்

இந்தக் கையேட்டில் ஒரே ஓர் அத்தியாயம் படிக்கத்தான் நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எத்தியோப்பியாவில் நிர்வாகத்தின் கடைசிப் படி 'கெபெலே'. நம் ஊராட்சி மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அதிகாரம் கூட. விதை, உரம், விவசாயக் கடன், நிலம், அடையாள அட்டை, ரேஷன் எல்லாம் அந்த ஓர் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதற்கும் கீழே, ஐந்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்ற வலை. அந்த ஐந்து வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை, யார் கழிப்பறை கட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். யார் வீட்டுக்கு எதிர்க்கட்சிக்காரர் வந்துபோனார் என்பதும் தெரியும். இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

2005இல் நன்கொடை நாடுகளின் பணத்தில் ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய நம் நூறு நாள் வேலை போன்றது. பற்றாக்குறை மாதங்களில் ஏரி தூர்வாரி, மலைச்சரிவில் வரப்புக் கட்டினால் தானியமோ பணமோ கிடைக்கும். 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நம்பியிருந்தார்கள். உலகத்தின் சிறந்த திட்டங்களில் ஒன்று என்று பாராட்டப்பட்டது. பாராட்டு வீணல்ல, அது பல குடும்பங்களை ஆட்டையும் மாட்டையும் விற்காமல் காப்பாற்றியது. ஆனால் யார் ஏழை என்று முடிவுசெய்யும் பட்டியலை எழுதுகிறவர் கெபெலேக்காரர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்பார்களே, அந்தப் பூசாரியை நியமிக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் போதும்.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2009இல் மூன்று மாநிலங்களில் 53 கெபெலேக்களைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசியது. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. உரத்துக்குப் போய் நின்றால், உன் கட்சியிடம் போய் வாங்கிக்கொள் என்று அனுப்பப்பட்டதாக விவசாயிகள் சொன்னார்கள். பட்டியலில் மறுபடி பெயர் ஏறவேண்டுமானால் தவறுக்கு வருந்துவதாக எழுதிக்கொடுக்கச் சொன்னார்களாம். யாரையும் அடிக்கவில்லை, லத்தி தேவைப்படவில்லை. விதைப்புக் காலத்தில் ஒருவனுக்கு உரமூட்டை இரண்டு வாரம் தாமதமானால், அவன் மனைவியே அவனை ஆளும் கட்சியில் சேர்த்துவிடுவாள்.

நன்கொடை நாடுகள் இதற்கு என்ன பதில் சொன்னன என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். தங்கள் திட்டங்களில் கண்காணிப்பு முறைகள் நன்றாக இருக்கின்றன, திட்டமிட்டு அரசியல் செய்ததற்குச் சான்று இல்லை என்றன. எப்படிப் பார்த்தார்களாம்? தங்கள் சார்பில் ஓர் ஆய்வு செய்தார்கள். மேசைமுன் உட்கார்ந்து, திட்ட ஆவணங்களைப் படித்து எழுதிய ஆய்வு. உரம் கிடைக்காதவன் எந்த ஆவணத்தில் இருப்பான்? கிடைத்தவர்களின் கையெழுத்துதான் பதிவேட்டில் இருக்கும். ஆகவே பதிவேட்டை அழகாக வைத்திருங்கள். ஆடிட்டர் வந்து எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று எண்ணுவார். யார் வெறுங்கையோடு திரும்பினார் என்று எண்ண அவரிடம் கட்டமே இல்லை.

2010 தேர்தலில் 547 இடங்களில் 545ஐ ஆளும் கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளும் பிடித்தன. 2015இல் மிச்சமிருந்த இரண்டும் வந்துசேர்ந்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து அடிஸ் அபாபாவுக்கு வந்த ஒபாமா, அதை ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு என்று குறிப்பிட்டார். இந்தளவுக்கு நான் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஓரிரு இடங்களை விட்டுவைப்பதுதான் மரியாதை.

வெளிநாட்டுக் காசு யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

2009இல் மெலஸ் அரசு ஒரு தொண்டு நிறுவனச் சட்டம் கொண்டுவந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு, மனித உரிமை, பெண்ணுரிமை, குழந்தை உரிமை, சமரசம் ஆகிய எதையும் தொடக்கூடாது. தண்ணீர்க் குழாய் போடலாம். வெளிநாட்டுப் பணத்தில் உள்நாட்டு அரசியல் செய்வது இறையாண்மைக்கு ஆபத்து என்பது அரசு சொன்ன காரணம். சொன்ன அரசே ஆண்டுக்கு 300 கோடி டாலர் வெளிநாட்டு உதவி வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பத்து சதவீதக் கணக்கு கிடையாது. நாட்டின் மூத்த மனித உரிமை அமைப்பின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அதன் கிளைகள் ஒவ்வொன்றாக மூடின.

(இந்த வித்தையில் இந்தியாவுக்கு யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு அம்னெஸ்டி இந்தியா 2020 செப்டம்பரில் வேலையை நிறுத்தியது.)

அதே 2009இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் வந்தது. எஸ்கிந்தர் நேகா என்ற பத்திரிகையாளருக்கு 2012இல் 18 ஆண்டு சிறை. இதைத் தனி அத்தியாயமாக விளக்க வேண்டியதில்லை, உங்கள் உளவுத்துறைத் தலைவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

குழந்தைகள் பிழைக்கட்டும்

இது கேலிக்குச் சொல்வதல்ல. பள்ளி, தடுப்பூசி, கிராமச் சுகாதாரம் இவற்றை நிஜமாகவே செய்யுங்கள். எத்தியோப்பியாவில் 1990இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 204 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2012இல் அது 68 ஆகக் குறைந்தது. கிராமம் கிராமமாகப் போன பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள், செய்த வேலை அது. காங்கோவை ஆண்ட மொபுட்டு மாதிரி பணத்தைச் சுருட்டிக்கொண்டு சொந்த ஊரில் கான்கார்ட் விமானம் இறங்க ஓடுதளம் கட்டியிருந்தால் மெலஸை எப்போதோ கைவிட்டிருப்பார்கள்.

இந்த 68 என்ற எண்தான் உங்களைக் காக்கும் கேடயம். யாராவது எஸ்கிந்தர் நேகாவைப் பற்றிக் கேட்டால், நீங்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசுங்கள். கேட்டவர் சங்கடப்படுவார், ஏனென்றால் குழந்தைகள் நிஜமாகவே பிழைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகையாளரைச் சிறையில் போட்டதால் எந்தக் குழந்தை பிழைத்தது என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு முரடர்கள் தூதரக விருந்துகளுக்கு அழைக்கப்படுவதில்லை.

விசாரணை வந்தால்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு மூலையில் வெடிக்கும். மெலஸ் அரசுக்கு அது மேற்கு எல்லையில் கம்பேலாவில் வெடித்தது. 2010 முதல் மூன்றாண்டில் 45,000 குடும்பங்களைப் புதிய கிராமங்களில் குடியேற்றுவதாகத் திட்டம். பள்ளி, மருத்துவமனை, குழாய் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றது அரசு. எங்களை ராணுவத்தை வைத்து விரட்டினார்கள், அடித்தார்கள், போன இடத்தில் பள்ளியுமில்லை தண்ணீருமில்லை என்றார்கள் அங்கிருந்த அனுவாக் பழங்குடிகள். அதே கம்பேலாவில் பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி என்ற ரோஜா ஏற்றுமதி நிறுவனத்துக்கு 1 லட்சம் ஹெக்டேர் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. குடியேற்றத்துக்கும் குத்தகைக்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. ரோஜா விற்றவர்கள் அங்கே நெல்லும் சோளமும் போட்டு, வெள்ளத்தில் இழந்து, கடைசியில் 2015இல் குத்தகையும் ரத்தானது.

கென்யாவுக்கும் தென்சூடானுக்கும் ஓடிப்போன அனுவாக் அகதிகள் 2012இல் உலக வங்கியின் விசாரணைக்குழுவிடம் முறையிட்டார்கள். எங்களை விரட்டிய அதிகாரிகளுக்குச் சம்பளம் உங்கள் 'அடிப்படைச் சேவைகள்' திட்டத்திலிருந்துதானே போனது என்பது அவர்கள் கேள்வி. குழு 2014 நவம்பரில் அறிக்கை எழுதியது. இரண்டு திட்டங்களுக்கும் செயல்பாட்டளவில் தொடர்பு இருக்கிறது, பழங்குடிகள் பற்றிய தன் கொள்கையை வங்கி பின்பற்றவில்லை என்றது. பலவந்தமாக வெளியேற்றினார்களா, அடித்தார்களா என்பது எங்கள் வரம்பில் வராது என்றும் அதே அறிக்கையில் எழுதியது. இதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள் ஐயா. தொடர்பு உண்டு, ஆனால் எதனோடு தொடர்பு என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை!

லண்டனில் இன்னொரு கூத்து. கம்பேலாவிலிருந்து தப்பிய விவசாயி ஒருவர், பெயரை மறைத்துக்கொண்டு பிரிட்டிஷ் உதவித்துறைமேல் வழக்குத் தொடுத்தார். 2014 ஜூலையில் உயர்நீதிமன்றம் வழக்கை அனுமதித்தது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்துக்குப் பணம் தருவதைப் பிரிட்டன் நிறுத்திக்கொண்டது. காரணம்? எத்தியோப்பியா வளர்ந்துவிட்டதாம், இனி தேவையில்லையாம். நிறுத்தும்போதுகூட உங்களுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

விசாரணைக்குழு கம்பேலாவுக்கு வந்தபோது அவர்களுக்கு மொழிபெயர்த்தவர் 2015 மார்ச்சில் அடிஸ் அபாபா விமான நிலையத்தில் கைதானார். உணவுப் பாதுகாப்பு பற்றிய பயிலரங்குக்கு நைரோபி கிளம்பியிருந்தார். செப்டம்பரில் பயங்கரவாதக் குற்றச்சாட்டு. வங்கி கவலை தெரிவித்தது. எத்தியோப்பியாவுக்கு வங்கி தந்துகொண்டிருந்த கடன் தொடர்ந்தது.

மற்றவர்களிடம் கற்கவேண்டியது

கென்யாவின் டேனியல் அரப் மோய்க்கு 1991 நவம்பரில் பாரிஸில் கூடிய நன்கொடை நாடுகள் உதவியை நிறுத்தின. டிசம்பரிலேயே பல கட்சி ஆட்சிமுறைக்கு ஒப்புக்கொண்டார். 1992இல் தேர்தல் வைத்தார். எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் பிளந்தன, அவர் ஜெயித்தார். 1997இல் மறுபடி ஜெயித்தார். இதுதான் கெட்டிக்காரத்தனம். மலாவியின் பாண்டாவுக்கும் 1992இல் அதே கதி. அவர் நேர்மையாக மக்கள் வாக்கெடுப்பு வைத்துத் தோற்று, 1994இல் தேர்தலிலும் தோற்று, வீட்டுக்குப் போனார். பாண்டாவிடம் கற்க எதுவுமில்லை. உதவியை நிறுத்தினால் சில சமயம் சர்வாதிகாரி போய்விடுவான் என்று சொல்ல ஆட்கள் இந்த ஓர் உதாரணத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இந்தோனேசியாவின் சுகார்த்தோ வேறு ரகம். கிழக்குத் திமோரில் 1991 நவம்பரில் இடுகாட்டு ஊர்வலத்தின்மேல் ராணுவம் சுட்டதற்காக நெதர்லாந்து முணுமுணுத்தது. உன் காசே வேண்டாம் போ என்றார். நெதர்லாந்து தலைமைதாங்கிய நன்கொடைக் குழுவைக் கலைத்து, உலக வங்கி தலைமையில் புதிதாக ஒன்று அமைக்கவைத்தார். வந்த தொகை குறையவேயில்லை. ஆனால் சுகார்த்தோவிடம் எண்ணெய் இருந்தது. உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இலங்கைக்கு 2009 மே மாதம் போர் முடிந்து இரண்டே மாதத்தில் சர்வதேச நாணய நிதியம் 260 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. முள்வேலி முகாம்களில் அப்போதும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் அடைபட்டிருந்தார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் உட்படச் சில நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. எதிர்த்து வாக்களிக்கவில்லை. தம் கையைக் கழுவிக்கொண்டார்கள், கடன் கொழும்புக்குப் போனது. உங்கள்மேல் கோபம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க இது நல்ல அளவுகோல்: அவர்கள் விலகி நிற்கும்வரை நீங்கள் பத்திரம்.

மன்னிக்கப்படாத குற்றம்

இவ்வளவும் படித்துவிட்டுத் தைரியம் தலைக்கேறிவிடக் கூடாது. நிஜமாகவே உதவி நின்ற தருணங்கள் உண்டு. 2020 நவம்பரில் திக்ராயில் போர் மூண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 8.8 கோடி யூரோவை நிறுத்திவைத்தது. அமெரிக்கா 2022 ஜனவரி முதல் வரிச்சலுகையைப் பறித்தது. போர் நின்ற பிறகு 2024 ஜூலையில் நாணய நிதியம் 340 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நிபந்தனை இல்லாமலா? இருந்தது. பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விடவேண்டும்.

ஆனால் நாடு முழுக்க உணவு உதவியை நிறுத்தவைத்த குற்றம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க உதவி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அதைச் செய்தன. யாரைக் கொன்றதற்காகவும் இல்லை. கோதுமை திருடுபோனதற்காக. நன்கொடை முத்திரை குத்திய மூட்டைகள் சந்தையில் விற்பனையாயின, மாவு மில்களுக்குப் போயின. அரசும் ராணுவமும் சம்பந்தப்பட்டிருந்ததாகச் சந்தேகம். பட்டியலிலிருந்து எதிர்க்கட்சிக்காரனை நீக்கியபோது அசையாத இயந்திரம், மூட்டை குறைந்ததும் அப்படியே நின்றது. சுமார் 2 கோடிப் பேர் அந்த உணவை நம்பியிருந்தார்கள். அடைக்கலம் தேடி வந்திருந்த வெளிநாட்டு அகதிகளுக்கும் சேர்த்தே நின்றது. நாடு முழுக்க மறுபடி வழங்க ஆரம்பிக்க ஆண்டு இறுதியாகிவிட்டது. திக்ராயிலும் அம்ஹாராவிலும் பட்டினிச் சாவுகள் பதிவாயின. மூட்டையைத் திருடியவர்கள் பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

ஆகவே ஆளைத் தூக்கலாம், அமைப்பை மூடலாம், பட்டியலைத் திருத்தலாம். கோதுமையில் கைவைக்க யாரையும் விடாதீர்கள், உங்கள் மைத்துனராக இருந்தாலும் சரி.

இந்தப் பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் நிலைமை மாறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவியை முடக்கினார். ஜூலையில் அமெரிக்க உதவி நிறுவனமே மூடப்பட்டது. சகாராவுக்குத் தெற்கே அதனிடம் அதிகம் வாங்கிக்கொண்டிருந்த நாடு எத்தியோப்பியா. அதன்மேல் அப்போது எந்தக் குற்றமும் சாட்டவில்லை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே வெட்டு. இவ்வளவு பாடுபட்டுக் கற்ற நயமெல்லாம் ஒரு கையெழுத்தில் போனதே என்று வருந்தவேண்டாம். 2018இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் எத்தியோப்பியாவுக்கு 300 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 100 கோடி நேராக மத்திய வங்கியில் போட. மனித உரிமை என்ற பேச்சே அதில் எழவில்லை. அபுதாபிக்கு ஒரு நடை போய்வாருங்கள். வேலை முடிந்துவிட்டால் இந்தக் கையேடு உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் புத்தகத்தின் விலை திருப்பித் தரப்படமாட்டாது.